சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியார்: இசையில் அவருக்கு உரிய இடம்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் கரிவலம்வந்தநல்லூர் வரும். அதை ஒட்டிய கரிசல் ஊர்களில் ஒன்று சென்னிகுளம். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் அந்த ஊர்க்காரர். அவர் பிறந்த ஆண்டை 1861 என்று சிலரும் 1865 என்று பலரும் எழுதுகிறார்கள். மறைந்தது 1890 என்றும் 1891 என்றும் இரு கணக்கு உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் முப்பது வயதைத் தாண்டாத வாழ்க்கை. அந்தச் சிறிய வாழ்க்கைக்குள் அவர் செய்து வைத்துவிட்டுப் போன பாட்டுகள் நூற்று முப்பது ஆண்டுகளாகக் கோயில் வீதியிலும், கச்சேரி மேடையிலும், நாட்டிய அரங்கிலும், நாகஸ்வரத்திலும் ஓய்வில்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் அவரை எந்த வரிசையில் வைப்பது என்பதில் நாம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிற்றிலக்கியப் புலவர்களோடு சேர்த்து அவருக்கு ஒரு பத்தி ஒதுக்குகின்றன. அவருடைய பெருமை இசையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இசை வரலாற்று நூல்களைப் புரட்டினால், காவடிச் சிந்து என்ற உருப்படி வகைக்கு விளக்கம் இருக்கும். ஆக்கியவரைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். கச்சேரியின் கடைசிப் பகுதியில், மங்களத்துக்குச் சற்று முன்னால், துக்கடாவாக அவர் பாட்டு வந்து போகிறது. இலக்கியக்காரர்கள் அவரை இசைக்காரர்களிடம் தள்ளிவிட, இசைக்காரர்கள் இலக்கியத்தின் பக்கம் கை காட்டுகிறார்கள். இந்த இழுபறியில் நடுவே நிற்கிறவர், தமிழிசை கண்ட முதல்தரச் சாகித்தியகர்த்தாக்களில் ஒருவர் என்பது என் கட்சி. அதற்கான காரணங்களை அவர் வாழ்க்கையிலிருந்தும் பாட்டிலிருந்தும் எடுத்து வைக்கிறேன்.

தந்தை சென்னவ ரெட்டியார், தாய் ஓவு அம்மாள். வேளாண்மைக் குடும்பம். திண்ணைப் பள்ளிப் படிப்போடு நின்றிருக்க வேண்டிய பிள்ளையை அவருடைய தமிழ் ஆசை ஊரை விட்டு வெளியே இழுத்தது. திருநெல்வேலிச் சீமையின் ஜமீன்கள் அன்று புலவர்களை வைத்துப் போற்றின. சேற்றூர், சிவகிரி, ஊற்றுமலை, எட்டயபுரம் என்று ஒரு நாள் நடைக்குள் ஒரு சமஸ்தானம் இருந்தது. சேற்றூரில் பழகிய பின் ரெட்டியார் சோழநாட்டுக்குப் போய்த் திருவாவடுதுறை மடத்தில் தங்கினார். அப்போது ஆதீனகர்த்தராக இருந்தவர் சுப்பிரமணிய தேசிகர்; தமிழும் இசையும் அறிந்தவர், புலவர்களை அளவறிந்து ஆதரித்தவர், 1888இல் மறைந்தவர். உ.வே.சாமிநாதையரிடமும் ரெட்டியார் பாடம் கேட்டிருக்கிறார்.

இந்தத் திருவாவடுதுறை வாசத்தைச் சும்மா கடந்துவிடக் கூடாது. அந்த மடத்தின் தமிழ், சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை விட்டுப்போன தமிழ். இலக்கணம் பிசகாத யாப்பு, திரிபு, யமகம், அந்தாதி, தலபுராணம். சங்கீதத்தின் மேல் பிள்ளைக்குப் பற்றுக் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியிடம் சாமிநாதையர் இசை கற்றுக்கொண்டிருந்தது பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அந்தப் பயிற்சி நின்றுபோயிற்று. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்த பாரதியாரைப் பிள்ளை பல நாள் அலையவிட்டதும், அதில் இலக்கணப் பிழைகள் இருப்பதாக அவர் கருதியதும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகிப்போனதும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்துத் தமிழில் புலமைக்கும் பாட்டுக்கும் நடுவே இப்படி ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் இலக்கணம் தெரிந்தவர்கள் இசையை ஒதுக்கினார்கள். மறுபக்கம் இசை தெரிந்தவர்கள் இலக்கணத்தைப் பொருட்படுத்தவில்லை. அண்ணாமலை ரெட்டியார் பயின்றது முதல் பக்கத்தில். பேர் வாங்கியது இரண்டாவது பக்கத்தில். சுவருக்கு இரண்டு பக்கமும் அவ்வளவு இயல்பாகப் புழங்கியவர் அவர் தலைமுறையில் வேறு யார் என்று தேடினால் எனக்கு விடை கிடைக்கவில்லை.

திருவாவடுதுறையிலிருந்து திரும்பியவர் ஊற்றுமலை ஜமீனில் அவைப்புலவர் ஆனார். ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். ஜமீனின் பெயர் ஊற்றுமலை என்றாலும் அரண்மனை இருந்தது சிற்றாற்றுப் பக்கம் வீரகேரளம்புதூரில். புலவர்கள் அதை 'வீரை' என்று சுருக்கினார்கள். அங்கே கோயில் கொண்ட நவநீதகிருஷ்ணனின் பேரில் ரெட்டியார் ஒரு பதிகம் பாடினார். வீரைத் தலபுராணமும் அவர் பேரில் உண்டு. மருதப்பத் தேவர் தமிழ் படித்தவர். சாமிநாதையரும் அவருடைய ஆதரவை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். காவடிச் சிந்து அச்சேறியதும் அவர் உதவியால்தான்.

ரெட்டியாரின் மற்ற நூல்களைப் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். சங்கரன்கோவில்காரர்களாகிய நாம் அப்படிப் போகக் கூடாது. சங்கரன்கோவில் திரிபந்தாதி, கோமதி அந்தாதி, கருவை (கரிவலம்வந்தநல்லூர்) மும்மணிக்கோவை என்ற மூன்றும் நம் மண்ணுக்கே உரியவை. ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு காவடிச் சிந்து பாடிய அதே கை நம் கோமதியம்மனுக்கு ஓர் அந்தாதி எழுதியிருக்கிறது என்று தெரியும்? திரிபு என்றால் நான்கு அடிகளிலும் முதல் எழுத்து மட்டும் மாற, இரண்டாம் எழுத்திலிருந்து சில எழுத்துகள் ஒலியில் ஒன்றாகவே நிற்க வேண்டும். பொருளோ ஒவ்வோர் அடியிலும் வேறாக வேண்டும். அதன் மேல் அந்தாதியும் சேர்ந்தால், ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கம் ஆக வேண்டும். இப்படி நூறு பாட்டு எழுதுகிறவனுக்கு ஒலி கைவசமாகிவிடும். எந்த எழுத்தை எங்கே வைத்தால் எது எதிரொலிக்கும் என்று யோசிக்காமலே வரும். இந்த அந்தாதிகளை இன்று யாரும் படிப்பதில்லை, படிக்கச் சிரமமானவையும்கூட. ஆனால் காவடிச் சிந்தின் ஒலி நயம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இந்தக் கடும்பயிற்சியில் விளைந்தது அது.

இனிக் காவடிச் சிந்துக்கு வருவோம். முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடுவது ரெட்டியாருக்கு வெகு காலம் முந்திய வழக்கம். வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்று சிந்து வகைகளும் மக்களிடம் புழங்கிவந்தன. மருதப்பத் தேவர் வீரகேரளம்புதூரிலிருந்து கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது உடன் நடந்த ரெட்டியார் வழியில் பாடியவையே இந்தச் சிந்துகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இருபத்துச் சொச்சம் பாட்டுகள். எல்லாம் கழுகாசலமூர்த்தியின் மேல்.

காவடி நடையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குச் சிந்தின் தாளம் உடனே பிடிபடும். காவடியின் தண்டு தோளில் இருக்கிறது. இரு முனையிலும் பால்செம்பு கட்டியிருக்கிறது. செம்பு தளும்பாமல் இருக்க வேண்டுமானால் இடுப்புக்கு மேல் உடம்பு அதிகம் அசையக் கூடாது; ஆட்டம் எல்லாம் முழங்காலிலும் பாதத்திலும். நையாண்டி மேளம் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டு போகும். தகிட தகிட என்ற அந்த எண்ணிக்கையில் முதல் தட்டுக்கு ஒரு கால், அடுத்த முதல் தட்டுக்கு மறு கால். மூன்று என்பது ஒற்றைப்படை எண் என்பதால் நடையில் ஓர் ஊஞ்சல் வந்துவிடுகிறது. காவடி வலத்தோளிலிருந்து இடத்தோளுக்குப் பிடரி வழியாகச் சுழன்று மாறுவதும் இந்த எண்ணிக்கைக்குள்தான். இந்த நடை எங்கும் அறுந்துவிடக் கூடாது. மூச்சு வாங்கவும் இடம் வேண்டும். இவ்விரண்டு தேவைக்கும் பாட்டில் வழி செய்தவர் ரெட்டியார்.

தம் ஊர்ப் பெயரையும் தம் பெயரையும் வைத்து அவர் கட்டிய பாட்டு மிகவும் புகழ்பெற்றது. சென்னிகுளத்தில் வாழும் இந்த அடியவன் சொல்லும் இனிய கவிகளைத் தன் மலைபோன்ற தோள்களில் மாலையாகச் சூடுகிறவன் முருகன் என்று தொடங்கும் பாட்டு அது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். முதல் இரண்டு அடிகளும் ஒரே இயைபில் முடிகின்றன. ஆனால் முடிந்த இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வோர் அடியின் ஓரத்திலும் ஒரு தனிச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தனிச்சொல் தாளக் கணக்கில் முந்தின அடியின் மிச்ச இடத்தை நிரப்புகிறது. மோனையிலோ அடுத்த அடியின் முதற்சொல்லோடு சேர்ந்துகொள்கிறது. இப்படி அடி முடிந்தும் பாட்டு முடியாமல் அடுத்த அடிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. நடப்பவனின் கால் நிற்பதற்கு இடமே இல்லை. அதன் பின் இரண்டு முடுகு அடிகள். குறில்களாக நெருக்கி, நடை ஓட்டமாக மாறுகிறது. உச்சத்தில் போய் இரண்டே இரண்டு சிறு துண்டுகள், புதிய இயைபில், தவில்காரர் தீர்மானம் வைப்பதுபோல வந்து விழுகின்றன. அங்கேதான் மூச்சு. அங்கேதான் கூட்டம் அரோகரா போடலாம்.

இதை வெறும் யாப்பு என்று சொல்ல என்னால் முடியாது. நடை வேகம், ஓட்டம், தீர்மானம், மூச்சு எல்லாம் எழுத்திலேயே கட்டப்பட்டிருக்கின்றன. மெட்டுத் தெரியாத ஒருவர் இந்தப் பாட்டை உரக்கப் படித்தாலே முக்கால்வாசி மெட்டு வெளியே வந்துவிடும். கீர்த்தனைக்குரிய பல்லவி, அனுபல்லவி அமைப்பும் இங்கே கிடையாது. ஒவ்வொரு கண்ணியும் முழுமையான ஓர் உருப்படி, அதே மெட்டில் அடுத்த கண்ணி. நடக்கிற கூட்டத்துக்குப் பல்லவிக்குத் திரும்புவது பொருந்தாது; அது முன்னோக்கியே போக வேண்டும்.

திருப்புகழின் சந்தம் ரெட்டியாரின் காதில் ஓயாமல் ஒலித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. அருணகிரிநாதரின் குழிப்பு இல்லாமல் இந்த முடுகு பிறந்திராது. ஆனால் திருப்புகழில் ஒரு சந்தத்தை எடுத்தால் பாட்டு முடியும்வரை அதே சந்தம்தான் ஓடும். ரெட்டியார் ஒரே கண்ணிக்குள் நடையையும் ஓட்டத்தையும் மாற்றி மாற்றி வைத்தார். பொருளிலும் அவருக்குத் தனிவழி உண்டு. கழுகுமலையின் வளமும் கோபுரமும் கொடியும் வீதியும் சில பாட்டுகளில். முருகனைப் பிரிந்தவளின் ஏக்கமும் தோழியின் பேச்சும் தலைவனின் மயக்கமும் சில பாட்டுகளில். பக்திப் பாட்டில் இவ்வளவு சிருங்காரமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பதம் பாடிய க்ஷேத்ரக்ஞரிடம் பார்க்காத குற்றத்தை இவரிடம் மட்டும் பார்ப்பது நியாயமில்லை. கோவை இலக்கியத்தில் வளர்ந்த அகத்துறைகளைக் காவடித் தாளத்தில் ஏற்றியவர் அவர். கேட்கிற பாமரனுக்குப் பொருள் உடனே விளங்குகிறது. படித்தவனுக்குத் துறையும் தெரிகிறது.

இசை உலகம் அவரை ஏன் தவறவிட்டது? விடையின் ஒரு பகுதி கழுகுமலையிலேயே இருக்கிறது. அன்று அந்த ஊர் எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். கழுகுமலை முருகன் பேரில் சுத்ததன்யாசியில் அவருடைய கிருதியாக வழங்கும் ஒன்று இன்றும் பாடப்படுகிறது. அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதர் அதே எட்டயபுரத்தில் இருந்துகொண்டு 1904இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' என்ற பெருநூலைச் சுர தாளக் குறிப்போடு, கமகக் குறிகளோடு, தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். தீட்சிதர் கிருதிகள் இன்று நம் கையில் இருப்பதற்கு அந்த நூல் ஒரு தூண். அதே மலை, அதே முருகன், ஏறக்குறைய அதே காலம். ஆனால் காவடிச் சிந்து அச்சானபோது பாட்டின் சொற்கள் அச்சாயின, சுரம் ஏறவில்லை. மெட்டு, பாடினவர்கள் தொண்டையில் தங்கிவிட்டது. அது செஞ்சுருட்டியின் சாயலில் பலரிடம் ஒருமாதிரியாகவும், ஆனந்தபைரவி, புன்னாகவராளி என்று வேறு சிலரிடம் வேறுமாதிரியாகவும் வழங்குகிறது. ஆக்கியவர் முப்பதுக்குள் போய்விட்டார். சீடர் பரம்பரை வைக்கவில்லை. சுரப்படுத்த ஒரு சுப்பராம தீட்சிதர் அவருக்கு வாய்க்கவில்லை. இசை வரலாறு எழுதியவர்கள் சுரம் எழுதிய காகிதத்தைத்தான் ஆதாரமாகக் கொண்டார்கள்.

இதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு தேசத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் நம் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். செக் நாட்டு இசையமைப்பாளர் அன்டொனின் துவோர்ழாக் 1841இல் ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் இறைச்சிக் கடையும் சாராய விடுதியும் நடத்தியவர். ஆஸ்திரியப் பேரரசின் கீழ் செக் மொழியும் இசையும் இரண்டாந்தரமாக நடத்தப்பட்ட காலம். அரசு உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பித்த துவோர்ழாக்கின் திறமையைக் கண்ட ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ், பெர்லின் பதிப்பாளர் சிம்ராக்கிடம் அவரைப் பரிந்துரைத்தார். 1878இல் வெளிவந்த ஸ்லாவிய நடனங்கள் அவரை ஐரோப்பா முழுதும் அறியச் செய்தன. அவற்றில் கிராமத்து மெட்டுகளை அவர் அப்படியே எடுத்து ஆளவில்லை. இரண்டும் மூன்றுமாக மாறி வரும் ஃபூரியன்ட் போன்ற ஆட்டங்களின் தாளத்தை எடுத்துக்கொண்டு, மெட்டைத் தாமே புனைந்தார். 1891இல் பிராகா இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் நம் ரெட்டியார் கண்ணை மூடினார். செய்த காரியத்தின் இயல்பைப் பார்த்தால் இருவருக்கும் உறவு உண்டு. கிராமத்தார் காலில் இருந்த தாளத்தை எடுத்து, அதன் உயிர் போகாமல், கற்றவர் அவைக்குக் கொண்டுவந்தவர்கள் இருவரும். செக் மக்கள் துவோர்ழாக்கை ஆட்டப்பாட்டுக்காரர் என்று ஓரத்தில் உட்காரவைக்கவில்லை. மூத்த செக் இசையமைப்பாளர் ஸ்மேதனாவுக்குப் பக்கத்தில் தங்கள் தேசத்து இசையின் முகமாக வைத்தார்கள். அவருக்குக் கிடைத்த பதிப்பாளரும் கல்லூரியும் ரெட்டியாருக்குக் கிடைக்கவில்லை என்பது விதி. ஆனால் இன்றும் அவரைத் துக்கடாவில் வைத்திருப்பது நாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு; அதை ஒதுக்க முடியாது. ரெட்டியார் முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர், மெட்டுகள் மக்களிடம் முன்பே இருந்தவை, ஆகவே அவரைச் சாகித்தியம் எழுதியவர் என்று மட்டும்தான் சொல்லலாம் என்பார்கள். அப்படியானால் சீகாழி அருணாசலக் கவிராயரை என்ன செய்வது? இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசை அமைத்தவர்கள் அவரிடம் பாடம் கேட்ட சட்டநாதபுரத்து வெங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பாட்டுகளில் பலவற்றுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் புதிய மெட்டுப் போட்டார். ஆனாலும் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளையோடு சேர்த்து அவரைத் தமிழிசை மூவர் என்று கொண்டாடுகிறோம், சரியாகவே கொண்டாடுகிறோம். ரெட்டியாரிடம் தாளமும் வேகமும் தீர்மானமும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. யார் எந்த ராகத்தில் பாடினாலும் கால அமைப்பு அவருடையது. இசையில் ராகம் எவ்வளவு முக்கியமோ காலமும் அவ்வளவு முக்கியம் என்று ஒப்புக்கொள்கிற எவரும் அவரை வாக்கேயக்காரர் வரிசையிலிருந்து நீக்க முடியாது.

அவருக்குப் பின் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி வளர்ந்தது காவடிச் சிந்து காற்றில் இருந்த மண்ணில். 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் பெரும்பகுதி நொண்டிச் சிந்து. அரசியலையும் காவியத்தையும் சிந்தில் சொல்லலாம் என்ற துணிவு பாரதிக்கு வந்ததற்குச் சிந்தைப் புலவர் அவைக்குக் கொண்டுபோன அண்ணாமலை ரெட்டியாரும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதுவையின் இரா.திருமுருகன் சிந்துப் பாடல்களின் யாப்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 'சிந்து பாவியல்' என்று தனி இலக்கணமே செய்தார். பழைய யாப்பிலக்கண நூல்கள் பாவாகவே கணக்கில் எடுக்காத ஒரு வடிவத்துக்கு இலக்கணம் எழுத வேண்டிய நிலை வந்ததென்றால், அந்த வடிவத்தை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனவரின் பங்கு சிறிதல்ல.

இன்று சென்னிகுளமும் சங்கரன்கோவிலும் வீரகேரளம்புதூரும் 2019இல் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. கழுகுமலை தூத்துக்குடி மாவட்டத்தில். ரெட்டியார் காலத்தில் எல்லாம் ஒரே திருநெல்வேலி. ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயின. அவைப்புலவர் மரபும் அதற்கு முன்பே தேய்ந்துவிட்டது. ஆனால் காவடி நிற்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் நம் பகுதி ஊர்களிலிருந்து கழுகுமலைக்கு நடந்து போகிறார்கள். ஒலிபெருக்கி வண்டி முன்னால் போகத் தொடங்கிய பிறகு நடப்பவர்கள் பாடுவது குறைந்துவிட்டது. பதிவு செய்த சினிமா மெட்டுப் பக்திப் பாட்டு அவர்களுக்காகப் பாடிவிடுகிறது. பழைய மெட்டுகளைத் தொண்டையில் வைத்திருக்கிற பெரியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் என்று இன்னும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது இரண்டு காரியம். இசைக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டத்தில் அண்ணாமலை ரெட்டியாரை உருப்படி வகையின் உதாரணமாக வைக்காமல், ஒரு சாகித்தியகர்த்தாவாக, தனிப் பாடமாக வைக்கட்டும். கரிவலம், சென்னிகுளம், கழுகுமலைப் பக்கத்து ஊர்களில் காவடிச் சிந்து பாடத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், வருகிற பங்குனிக்கு முன் அவர்களை உட்காரவைத்து, முழுப் பாட்டையும் கைப்பேசியிலாவது பதிவு செய்து வையுங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றது, எந்த மேளத்தோடு பாடியது என்பதையும் கூடவே கேட்டு எழுதுங்கள். சுரப்படுத்துகிறவர் பிறகு வருவார். அவர் வரும்போது மெட்டு இருக்க வேண்டும்.